புதிதாகக் குடிவந்தவர் கவனத்துக்கு

1

இதை எழுத உட்காரும்போது நான் கோபமாகத்தான் இருக்கிறேன். "கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் எழுது" என்றார் வீட்டுக்காரர். ஆறிவிட்டால் நான் எழுதமாட்டேன், எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவேன். அதனால் சூட்டோடு எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தேவி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்தவள். குப்பத்தின் பெயரைப் போடவில்லை, போட்டால் பேஜார் என் அக்காவுக்குத்தான். செங்கல்பட்டில் நர்சிங் படித்து, எங்கெங்கோ வேலை பார்த்து, கடைசியில் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்துக்கு வந்து சேர்ந்தேன். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை. இத்தனை வருடம் நகரத்து ஓரத்தில் வாடகைக்கு இருந்துவிட்டு, இந்த வருடம்தான் உள்ளே தள்ளி, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே, சொந்தமாக ஒரு பழைய வீடு வாங்கிக் குடிவந்தோம். வீட்டுக்காரர், நான், மகள் கயல்விழி. கயல்விழி என்பது வீட்டில் மட்டும்தான், பள்ளிக்கூடத்தில் அவள் 'கே'. மீனைப் பெயரில் வைத்துக்கொண்டு மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்துகிற பிள்ளை.

வந்த சில வாரங்களில் தபால்பெட்டியில் ஒரு புத்தகம் கிடந்தது. இந்த வட்டார கவுன்சில், புதிதாகக் கிராமத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு இலவசமாக அனுப்புகிற புத்தகம். குடிக்கிற தண்ணீர் கூரையில் விழும் மழைதான், ஆகவே கூரையையும் தொட்டியையும் சுத்தமாக வையுங்கள் என்று ஒரு பக்கம். செப்டிக் டேங்கில் எதைக் கொட்டக்கூடாது என்று ஒரு பக்கம். வெயில் காலத்தில் சருகு கொளுத்த யாரிடம் அனுமதி கேட்பது, பாம்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று இன்னும் சில பக்கங்கள். குப்பை வண்டி எங்கள் மண்சாலைக்கு வராதாம், நாமே 'டிப்'புக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அது குப்பைக் கிடங்கு என்று தெரியாமல் கவுன்சில் அலுவலகத்தில் போய், "யாருக்கு டிப்ஸ் கொடுக்கணும், எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அந்தப் பெண் சிரிக்காமல் பதில் சொன்னாள். வெளியே வந்ததும் கயல், "அம்மா, இனிமே நான் பேசுறேன், நீ பேசாதே" என்றாள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அதில் இருப்பதை என் தமிழில் சொல்கிறேன். நீங்கள் குடிவந்திருப்பது மற்றவர்கள் உழைத்துப் பிழைக்கிற இடம். இங்கே சேவல் விடிவதற்கு முன்னால் கூவும். கன்றைப் பிரித்தால் மாடு ராத்திரியெல்லாம் கத்தும். சாணம் நாறும். வேலை நெருக்கும்போது டிராக்டர் அகாலத்திலும் ஓடும். இதெல்லாம் உங்களுக்கு முன்னாலேயே இங்கே இருந்தவை. பொறுத்துக்கொள்ள முடியாது என்று நினைத்தால், புகார் எழுதுவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள்.

இதை அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? உடனே போன் போட்டேன். அக்கா பெயர் கன்னியம்மா. அந்த நேரத்துக்கு அவள் கடலோரத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று தெரியும். படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன்.

"சேவலுக்கா? கவர்மெண்டா பொஸ்தவம் போட்டு கீது?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. போன் கெட்டுவிட்டதோ என்று, "அக்கா, கேக்குதா?" என்றேன்.

"கேக்குதுடி. இங்க நம்மள கெளம்ப சொல்லிக்கினு கீறாங்க" என்றாள்.

2

என் அக்காவின் வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் படகு கரையேறியதும் ஏலம் நடக்கும். நெத்திலி, காரப்பொடி, வாளை என்று மீன் விற்றது போக மிஞ்சுவதையும், விலை இறங்குவதையும் பெண்கள் எடுப்பார்கள். குடல் எடுத்து, கழுவி, உப்புப் போட்டு, பழைய வலையை மணலில் விரித்துக் காயப்போட வேண்டும். சுனாமிக்குப் பிறகு யாரோ கட்டிக்கொடுத்த ஒரு சிமெண்டுத் தளம் இருக்கிறது, அது பத்தாது. அந்த மணலுக்கும் தளத்துக்கும் சேர்த்து நாங்கள் களம் என்று சொல்வோம். மாமாவின் பழைய சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அக்கா வெயில் இறங்கும்வரை அங்கேதான் இருப்பாள். அக்கா புருஷன், எங்கள் தேசப்பன் மாமா, இடுப்பு விட்டுப்போய்க் கடலுக்குப் போவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. மகன் செங்கல்பட்டில் பாலிடெக்னிக் படிக்கிறான். அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்தக் களத்தால்தான்.

களத்துக்கு வடக்கே முன்பு சவுக்குத் தோப்பு இருந்தது. அதை வளைத்து, மதில் எழுப்பி, வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் வைத்து, கடலைப் பார்த்த வில்லாக்கள் கட்டி விற்றார்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் கட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று அக்கா பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. விளக்குப் பெட்டி வரவில்லை, லைன்மேன் வரவில்லை, ஃபண்டு வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில். அந்த வில்லாக்களின் வாசலுக்குக் கிரகப்பிரவேசத்துக்கு முன்னாலேயே உயர்கோபுர விளக்கு வந்துவிட்டது. தார் ரோடு வந்தது. குழாய் வந்தது. ரோடு சரியாக அந்த மதில் முடிகிற இடத்தில் முடிந்தது, அதற்கு மேல் குப்பத்துக்கு மணல்.

சரி, வரட்டும், வந்தவர்கள் நன்றாக இருக்கட்டும். குப்பத்தில் யாரும் இதற்காக வயிறெரியவில்லை. முதல் வீட்டுக்காரர்கள் பால் காய்ச்சிய அன்றைக்கு அக்காவே ஒரு கூடை சங்கரா மீனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதல் மீன் காசில்லாமல்தான் கொடுப்பார்கள், அது வழக்கம். வாங்கிக்கொண்டார்கள். கூடையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பிறகு அந்த வில்லாக்காரர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். சங்கம் பஞ்சாயத்தில் மனு கொடுத்தது. கருவாடு நாறுகிறது, ஈ மொய்க்கிறது, காக்கை மீன் தலையைக் கொண்டுவந்து நீச்சல் குளத்தில் போடுகிறது. ஆகவே மீன் உலர்த்துவதை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். எந்த இடம் தெரியுமா? பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரை ஓரம், பஞ்சாயத்துக் குப்பை கொட்டுகிற பள்ளத்துக்குப் பக்கத்தில்.

"அங்க கடலு காத்தே வராதுடி" என்றாள் அக்கா. "மீனு காயாது, புழு வெச்சிடும். கூடைய தலைல வெச்சிக்கினு அந்த ரோட்ட தாண்டணும். கார் இன்னா வேகத்துல வருது தெரியுமா? தாண்டறதுக்குள்ள உசுரு பூடும்."

"நம்ம ஊர்க்காரங்க இன்னா பண்ணிக்கினு கீறாங்க?" என்று கத்தினேன்.

அதைத்தான் கேட்டிருக்கக் கூடாது. குப்பத்தில் ஊர்க் கூட்டம் என்று ஒன்று உண்டு. அது அரசாங்கத்துப் பஞ்சாயத்து இல்லை, எங்கள் ஆட்களே கூடிப் பேசி முடிவெடுப்பது. அதில் ஆம்பளைகள் மட்டும்தான் உட்காருவார்கள், பெண்களுக்கு இடமில்லை. சங்கத்து ஆள் அங்கே வந்து, அம்மன் கோயிலுக்குத் தரை முழுக்க டைல்ஸ் போட்டுத் தருகிறோம் என்றிருக்கிறார். இவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். மீனைப் பிடிப்பது இவர்கள், காயவைப்பது பெண்கள். காயவைக்கிற இடத்தைப் பற்றிப் பேசும்போது காயவைக்கிறவர்களில் ஒருத்திகூட அங்கே இல்லை. எங்கள் தேசப்பன் மாமாவும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டு சோறு சாப்பிட்டிருக்கிறார். நாலு நாள் கழித்து அக்காவுக்கு இது மீன்காரி ஒருத்தி சொல்லித் தெரிந்தது. நானாக இருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் சோறே பொங்கியிருக்கமாட்டேன்.

டைல்சாம். வழுக்கி விழட்டும்.

3

இதற்கு நடுவில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டைத் தூக்கிவைத்து ஆட நான் இதை எழுதவில்லை. அந்தக் கவுன்சில் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே, இந்த மண்ணில் ஆதியிலிருந்து வாழ்ந்த மக்களுக்கு மரியாதை சொல்லி நாலு வரி இருக்கிறது. அவர்களை விரட்டிவிட்டுத்தான் இந்தப் பண்ணைகள் எல்லாம் வந்தன. அன்றைக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள் என்று யாரும் புத்தகம் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் மரியாதை அச்சாகிறது. எங்கள் குப்பத்துக்கும் அப்படித்தான் நடக்குமோ என்று எனக்குப் பயம். களம் போன பிறகு, ஏதாவது ஓட்டல் சுவரில் கருவாட்டுக்காரியின் படத்தை அழகாக மாட்டுவார்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை பார்த்திபன் அண்ணா வந்தார். மனைவி சுதாவோடு மெல்போர்னிலிருந்து காரோட்டிக்கொண்டு வருவார். செங்கல்பட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை. நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்றைக்கு ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப்போனவர். படுக்க மெத்தை கொடுத்தவர், கயலைப் பள்ளியில் சேர்க்கக் கூடவே அலைந்தவர். உடன்பிறந்தவரைப் போலத்தான் நினைத்திருந்தேன். அவருக்கு என் கையால் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். நான் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அக்கா கட்டிக்கொடுக்கிற பொட்டலத்தைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லி, அந்த அதிகாரி பிரித்து மோந்து பார்த்துத் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வதைப் பொறுத்து, கொண்டுவந்து சேர்ப்பேன். அதில் பாதி இவர்களுக்குப் போகும்.

அன்றைக்கும் வாளைக் கருவாடு, கத்திரிக்காய், மொச்சை போட்டுக் குழம்பு. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு, விரலை நக்கிக்கொண்டு, "தங்கச்சி, இந்த ருசி எங்கேயும் கிடையாதும்மா" என்றார். பிறகு தானாகவே பேச்சை எடுத்தார்.

"ரிட்டயர் ஆனா ஊருக்குத்தான். ஈசிஆர்ல வில்லா வாங்கிப் போட்டிருக்கேன்ல, அங்கதான். ஆனா ஒரே தலைவலி. பக்கத்துல பொம்பளைங்க கருவாடு காயப்போடுறாங்க. பால்கனியில நிக்க முடியல, அப்படி ஒரு நாத்தம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கடற்கரை நீளமானது, எத்தனையோ குப்பம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் போனை நீட்டினார். "இங்க பாரு, மனுவோட குடுத்த போட்டோ. நான்தான் வட்டம் போட்டு அனுப்பினேன்."

பால்கனியிலிருந்து எடுத்த படம். மணல், வலை, படகு. நடுவில் ஒரு பெண் குனிந்து கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அவளைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதில்லை. அவள் மேல் இருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை மாமாவுக்கு நான்தான் இங்கிருந்து வாங்கிப்போனேன்.

கயல் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அது பெரியம்மாதானே?" என்றாள்.

"எந்தப் பெரியம்மா?" என்றார் பார்த்திபன் அண்ணா.

கோபம் வந்தால் என் வாய் குப்பத்துக்குப் போய்விடும். அவர் முன்னால் இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து டீச்சர் மாதிரித் தமிழ் பேசியவள் நான். "உங்க தட்டுல கீதே கருவாடு, அத்த காயவெச்ச பெரியம்மா" என்றேன். "எங்க அக்கா. அது எங்க குப்பம். அது எங்க களம்."

சுதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவர் தட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"நீ சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க கேக்கவே இல்லியேண்ணா. எங்கேர்ந்து வருது, ஆரு செய்யறாங்கன்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

"பர்சனலா எடுத்துக்காத தேவி. இது அசோசியேஷன் முடிவு, எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க, நானும் போட்டேன். அவங்களுக்குத்தான் வேற இடம் தராங்களே. ஹைஜீனிக்கா, மெஷின் வெச்சுக் காயவெச்சா அவங்களுக்கே நல்லது."

"அந்த வேற இடம் குப்பை மேடுண்ணா. நீங்க அங்க போய் நின்னு பார்த்தீங்களா?"

"நான் எங்க போறது? கிரகப்பிரவேசத்தப்போ இருந்ததுதான்."

"அப்போ அந்த நாத்தத்துல எத்தினி நாள் குடும்பம் நடத்துனீங்க?"

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். என் வீட்டுக்காரர் வானிலை பற்றி என்னவோ பேச ஆரம்பித்தார், யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. "உங்க பேரயாவது அந்த மனுவுலேர்ந்து எடுங்கண்ணா" என்றேன். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "பாக்கறேம்மா, குரூப்ல பேசிப் பாக்கறேன்" என்றார். பாக்கறேன் என்றால் என்ன என்பது பஞ்சாயத்து ஆபீசில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

எப்போதும் போல, மிச்சக் குழம்பை டப்பாவில் போட்டு மேடையில் வைத்திருந்தேன். சுதா போகும்போது அதைக் கையில் எடுத்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வைத்துவிடலாமா என்று யோசித்தாள். பிறகு எடுத்துக்கொண்டே போய்விட்டாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோற்றை யார் கையிலிருந்தும் பிடுங்கி எனக்குப் பழக்கமில்லை.

5

ஆகஸ்டு பதினைந்து, கிராமசபை. களத்தை மாற்றுகிற தீர்மானம் அன்றைக்கு அங்கே வருகிறது. ஊர்க் கூட்டத்தில்தான் பெண்களுக்கு இடமில்லை, கிராமசபையில் ஓட்டு இருக்கிற யாரும் உட்காரலாம், எழுந்து பேசலாம். ஆனாலும் எங்கள் குப்பத்துப் பெண்கள் அதுவரை போனதில்லை. காலையில் மீன் வருகிற நேரத்தில் யார் போய் அங்கே உட்காருவது? "இந்த ஒரு தடவை போக்கா. போகலைன்னா அத்தோட முடிஞ்சிது" என்று தினமும் போனில் உயிரை எடுத்தேன்.

போனாள். களத்துப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல புடவை கட்டி, அதன் மேலே அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டிருந்தாள். "நீ சொன்ன அந்தப் படத்துல கீறது நான்தான்னு தெரியட்டும்" என்றாள். சட்டைப் பையில் போனை வெளியே பார்த்தபடி வைத்து, எனக்கு வீடியோ போட்டுவிட்டாள். இங்கே எனக்கு டீ குடிக்கிற இடைவேளை. முதியோர் இல்லத்துக் கார் நிறுத்துமிடத்தில், குளிரில், காருக்குள் உட்கார்ந்துகொண்டு என் ஊர்க் கிராமசபையைப் பார்த்தேன். பள்ளிக்கூட மைதானம், ஷாமியானா, கொடி, மிட்டாய் டப்பா. பின்வரிசையில் எங்கள் குப்பத்து ஆம்பளைகள், மாமா உட்பட.

பஞ்சாயத்துச் செயலாளர் வரவு செலவைக் கடகடவென்று வாசித்தார். அதே வேகத்தில், கடற்கரையில் மீன் உலர்த்துவதால் உண்டாகும் சுகாதாரக் கேட்டை முன்னிட்டு உலர்த்தும் இடத்தை மாற்றுவது என்று அடுத்த தீர்மானத்தையும் வாசித்துத் தாண்டப் பார்த்தார்.

"நிறுத்துப்பா" என்று அக்காவின் குரல் கேட்டது. படம் ஆடியது, எழுந்துவிட்டாள் என்று தெரிந்தது.

தலைவர், "உங்க ஊர்ல பேசி முடிச்சாச்சேம்மா, எல்லாரும் ஒத்துக்கினாங்களே" என்றார்.

"ஊர்ல நான் இல்லியே. இதோ இவளுங்க யாரும் இல்லியே. எங்க களத்த குடுத்து இவங்க டைல்ஸ் வாங்கிக்குவாங்களா?"

பின்வரிசையில் யாரோ, "ஏ, உக்காரும்மா" என்றான். "நீ உக்காந்துகினுதானே கீற, அப்டியே இரு" என்றாள் அக்கா. பெண்கள் பக்கம் சிரிப்பு.

"அவங்க மனு குடுத்திருக்காங்கம்மா, நாத்தம் தாங்க முடியலைன்னு."

"ஆருக்கு நாறுது? கூப்புடு. எதிர்ல நின்னு சொல்லட்டும், நான் பதில் சொல்றேன்."

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். செயலாளர் பார்த்தார். வில்லாக்களிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. கடைசியில் அங்கே வேலை பார்க்கிற வாட்ச்மேன் எழுந்து, "எல்லாம் பாரின்ல, மெட்ராஸ்ல கீறாங்க சார். வூடெல்லாம் பூட்டித்தான் கீது" என்றார்.

"அப்போ பூட்டுக்கு நாறுதா?" என்றாள் அக்கா. ஷாமியானா முழுக்கச் சிரிப்பு. கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒருவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சிரிக்கிற விஷயமில்லம்மா. வெளிநாட்டுல எல்லாம் வீட்டுப் பக்கத்துல இப்படி விடுவாங்களா?" என்று கேட்டார்.

பாவி மனுஷன், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"என் தங்கச்சி அங்கதான் கீறா" என்றாள் அக்கா. "அங்க சேவ கூவும், மாடு கத்தும், சாணி நாறும், புச்சா வந்தவன்தான் பொறுத்துக்கணும்னு கவர்மெண்டே பொஸ்தவம் போட்டு வூட்டுக்கு வூடு குடுக்குது. அங்க ஒரு சேவலுக்கு கீற மரியாத இங்க எனக்கு இல்லியா சார்?"

காருக்குள் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்போது படத்தின் ஓரத்தில், பின்வரிசையிலிருந்து ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நடந்து வருவது தெரிந்தது. தேசப்பன் மாமா. வந்து பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில், அக்காவுக்குப் பின்னால் நின்றார்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் அக்கா, திரும்பாமலேயே.

தலைவர் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். புகார் கொடுத்தவர்கள் அன்றைக்கு நேரில் வந்து சொல்லட்டும் என்றார். போனில் எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள், எனக்கு எதுவும் புரியவில்லை. என் இடைவேளை முடிந்துவிட்டது. உள்ளே போய் ஒரு பாட்டிக்கு ஊசி போட்டேன். "அழுதாயா?" என்று அவர் கேட்டார். "ஜலதோஷம்" என்று சொன்னேன்.

6

தள்ளிவைத்ததை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனமில்லை. அடுத்த கூட்டத்துக்குள் டைல்ஸ் வந்து இறங்கலாம். மறுபடி யாராவது வேகமாக வாசித்துத் தாண்டலாம். எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டதும் எனக்கு அங்கே ஓட்டுப் போய்விட்டது, கிராமசபையில் பேச எனக்கு உரிமை கிடையாது. பார்த்திபன் அண்ணாவுக்கும் கிடையாது. ஆனால் அவர் பேசவே தேவையில்லை. இங்கே சோபாவில் உட்கார்ந்து ஒரு சிவப்பு வட்டம் போட்டால், அங்கே என் அக்கா எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டின் மூக்குக்காக, தினமும் அடுப்பெரிய வேண்டிய வீட்டின் களம் இடம் மாற வேண்டும் என்கிறார்கள். இது என்ன நியாயம்? பஞ்சாயத்து புத்தகம் போட வேண்டாம், அந்த வில்லாக்களின் வாசலில் ஒரு போர்டு வைத்தால்கூடப் போதும். இங்கே மீன் காயும், உங்களுக்கு முன்னாலிருந்து காய்கிறது என்று.

இரண்டு ஞாயிறு பார்த்திபன் அண்ணா வரவில்லை. மூன்றாவது வாரம் போன் செய்தார். கயல் எப்படி இருக்கிறாள், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பேசினார். மனுவைப் பற்றி நான்தான் கேட்டேன்.

"குரூப்ல சொன்னேம்மா. யாரும் பதில் போடல. நான் ஒருத்தன் மட்டும் பேரை எடுத்தா தப்பா நினைப்பாங்க" என்றார். கொஞ்சம் இழுத்துவிட்டு, "அப்புறம் தேவி, சுதாவோட அம்மா ஊர்லேர்ந்து வராங்க. உங்க அக்காகிட்ட சொல்லி அந்த வாளைக் கருவாடு கொஞ்சம் கட்டிக் குடுக்கச் சொல்றியா? அவங்க எடுத்துட்டு வந்துடுவாங்க."

"சொல்றேண்ணா" என்று வைத்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விடாமல் கொட்டினேன். அவளும் கத்துவாள், சேர்ந்து வையலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை.

"தரேன்னு சொல்லு" என்றாள்.

"அக்கா!"

"முழுசா கேளுடி. தரேன், நல்லதா பொறுக்கி எடுத்து தரேன், காசு கூட வாணாம். ஆனா ஆரு கைலயும் குடுக்க மாட்டேன். அந்தாள நேரா களத்துக்கு வர சொல்லு. கூட்டத்துக்கு வாயான்னா வரல, கருவாட்டுக்காச்சும் வரட்டும். எங்கூட இங்க நின்னு, நல்லா மோந்து பாத்துட்டு, அவரு கையால எடுத்துக்கினு போட்டும். வர்றப்போ அந்த மொத வூட்டுக்காரங்ககிட்ட என் மீன் கூடைய வாங்கியாற சொல்லு."

அதை அப்படியே குரல் பதிவாக அனுப்பச் சொன்னேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் பார்த்திபன் அண்ணாவுக்குத் தள்ளிவிட்டேன். கேட்டுவிட்டார், வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்துவிட்டது. இதை எழுதி முடிக்கிறவரை பதில் வரவில்லை. அக்கா நேற்றே நல்ல வாளையாகப் பொறுக்கித் தனியாக எடுத்துவைத்துவிட்டாள்.